கேரக்டர் மினியில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு கேரக்டராகக் கதை நடத்தும் மேசை ஆட்டம் ஆடுகிற குழுக்களில், அந்தக் கேரக்டர்களைக் குறிக்கும் சின்னப் பொம்மைகளான மினிகளைப் பழுது பார்த்துத் தருகிற ஆள் ஒருவர் இருப்பார். எங்கள் குழுவில் அது நான். கொண்டுவருகிற ஆட்கள் மாறினாலும் குறை மாறுவதில்லை. கத்தி வளைந்திருக்கிறது, கை கழன்றுவிட்டது, பெயின்டுக்கு முன் அடிக்கும் பூச்சான பிரைமர் பிசுபிசுக்கிறது, கேரக்டருக்குப் பொருத்தமான மினியே கிடைக்கவில்லை. ஒவ்வொரு குறைக்கும் செலவில்லாத வழியை முதலிலும் செலவு பிடிக்கும் வழியைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய தலைப்புக்கு நேரே போகலாம். அடுத்து வருகிற பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

## எதையும் தொடும் முன்: அது என்ன பொருள்?

மினிகள் பெரும்பாலும் நான்கு பொருள்களில் வருகின்றன. ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

கையில் எடுத்ததும் கனமாக, சில்லென்று இருந்தால் உலோகம். கத்தி முனையை விரலால் மெல்லத் தள்ளினால் வளைந்து, விட்டதும் திரும்பினால் பிவிசி. ரீப்பர் நிறுவனத்தின் வெள்ளை நிற போன்ஸ் மினிகள் இந்த ரகம். பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து வெட்டியெடுத்து ஒட்டவேண்டிய துண்டுகளாக, கெட்டியாக வந்தால் பெரும்பாலும் பாலிஸ்டைரின். கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் பிளாஸ்டிக் மினிகள் அப்படித்தான். 3டி பிரிண்டரில் எடுத்தது, சாய்த்துப் பார்த்தால் மெல்லிய அடுக்குக் கோடுகள் தெரிகின்றன என்றால் பெரும்பாலும் ரெசின்.

இன்னும் சந்தேகமா? மினி நிற்கும் அடித்தட்டான பேஸின் அடியில், கண்ணில் படாத இடத்தில், கட்டர் பிளேடால் துளி சீவிப் பாருங்கள். பாலிஸ்டைரின் சுருளாக வரும். ரெசின் பொடியாகவோ சில்லாகவோ உதிரும். பிவிசி ரப்பர் மாதிரி இழுபடும். உலோகம் பளிச்சிடும். 1990களுக்கு முன் வார்த்த உலோக மினியாக இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அராவிய தூளைத் துடைத்து எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

## அறிகுறி: என் கேரக்டருக்கு ஏற்ற மினியே கிடைக்கவில்லை

### தேடுகிற சொல்லை மாற்றிப் பாருங்கள்

பலரும் கேரக்டரின் விவரங்களை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் இருப்பதை அப்படியே தேடுகிறார்கள்: அரை எல்ஃப் (கூரான காதுள்ள கற்பனை இனத்தின் கலப்பு), வார்லாக் (ஒருவகை மந்திரவாதி), பெண். மினிகளுக்கு விற்பவர்கள் வைக்கும் பெயர் வேறு. கண்ணில் தெரிவதைத் தேடுங்கள். கையில் கோல், தலையை மூடிய அங்கி, நடக்கிற நிலை என்று தேடினால் மந்திரவாதி, பூசாரி, நாடோடி, கிராமத்துக் கிழவர் எனப் பல பெயர்களில் உங்கள் ஆள் வந்து நிற்பார்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற நிலை, உடல்வாகு, உடை அல்லது கவசம் ஆகிய மூன்றையும் பிறகு மாற்றுவது பெரிய வேலை. ஆயுதம், கேடயம், தலை, முடி, நிறம் இவற்றை மாற்றலாம். கூரான காதுகூடக் கடுகளவு புட்டியில் (பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் களிமண் மாதிரிப் பொருள்) வந்துவிடும். ஆகவே நிலையும் உடையும் சரியாக அமைந்த மினியை, கையில் தப்பான ஆயுதம் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மேசையில் இரண்டு மூன்று அடி தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியாது, உருவத்தின் விளிம்பும் இரண்டு மூன்று நிறங்களும்தான் தெரியும்.

### தேடுகிற இடத்தை மாற்றிப் பாருங்கள்

ஃபேன்டஸி மினிகளோடு நின்றுவிடுகிறோம். சரித்திரப் போர் விளையாட்டுக்காரர்கள் 28 மில்லிமீட்டர் உயர மினிகளில் பெரிய உலகமே வைத்திருக்கிறார்கள். கி.மு. 326இல் அலெக்சாண்டரும் போரஸும் மோதிய ஹைடாஸ்பஸ் போரை ஆடுகிறவர்களுக்காகவே பழங்கால இந்தியப் படை மினிகள் விற்பனையில் உண்டு. வெற்று மார்பு, இடுப்பில் துணி, ஆள் உயர வில். இந்திய வில் ஆள் உயரம் இருக்கும் என்று பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதியிருப்பதை வைத்தே அப்படிச் செய்கிறார்கள். உங்கள் ரேஞ்சர் (காட்டில் திரியும் வீரர்) ஐரோப்பியத் தோல் சட்டை போடாமல் வேட்டியை மடித்துக் கட்டியவர் என்றால், எந்த ஃபேன்டஸி வரிசையிலும் கிடைக்காதது இங்கே கிடைக்கும். இதை இன்னும் நிறையப் பேர் பயன்படுத்தவேண்டும் என்பது என் ஆசை. சரித்திர மினிகளில் கையும் ஆயுதமும் மெலிந்திருக்கும். வாங்கும் முன் அடுத்த தலைப்பைப் படித்துவிடுங்கள்.

### நீங்களே வடிவமைப்பது

ஹீரோ ஃபோர்ஜ் தளத்தில் இனம், உடை, ஆயுதம், நிலை எல்லாம் தேர்ந்தெடுத்து, 3டி பிரிண்ட் செய்யவேண்டிய டிஜிட்டல் கோப்பை மட்டும் விலைக்கு வாங்கலாம். இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு வெளிநாட்டுக் கூரியரும் சுங்கமும் மிச்சம். காசு கட்டும் முன் ரெசின் பிரிண்டர் வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்து அந்த வடிவத்தைக் காட்டுங்கள். திரையில் அழகாகத் தெரியும் மெல்லிய வாள், காற்றில் நீட்டிய கை, ஒற்றைக் காலில் நிற்கும் நிலை ஆகியவைதான் முதலில் உடையும். ஆயுதம் உடலை ஒட்டியோ, கோலின் நுனி தரையைத் தொட்டோ இருக்கும்படி அமைத்தால் மினி வருடக்கணக்கில் நிற்கும்.

### சிற்பியிடம் சொல்லிச் செய்வது

நான்கு கை, பாம்பு உடல் என்று எங்கும் இல்லாத உருவம், அதுவும் நீண்ட நாள் ஓடப்போகிற கதை என்றால் டிஜிட்டல் சிற்பியிடம் போகலாம். இருப்பதிலேயே செலவு அதிகமான வழி இது. கேரக்டர் ஆட்டத்தின் முதல் லெவலில் இருக்கும்போதே போகாதீர்கள். சில லெவல் உயிரோடு இருக்கட்டும்.

## அறிகுறி: மற்ற மினிகளின் பக்கத்தில் வைத்தால் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறது

முதலில் பேஸைப் பாருங்கள். ஒன்று தடித்த வட்டிலும் மற்றது காகிதம் போன்ற தகட்டிலும் நின்றால் உயர வித்தியாசம் அங்கேயே வந்துவிடும். இரண்டையும் ஒரே தடிமன் பேஸுக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

பேஸ் ஒன்றுதான், இன்னும் வித்தியாசம் என்றால் அளந்து பாருங்கள். பாதத்திலிருந்து கண் வரை ஸ்கேல் வைத்து அளங்கள். தொப்பியும் கொண்டையும் கணக்கில் வராது. பழைய மினிகளும் சரித்திர மினிகளும் 28 மில்லிமீட்டரை ஒட்டியும், இப்போதைய ஃபேன்டஸி மினிகள் பல 32ஐ ஒட்டியும் இருக்கும். மனிதனும் எல்ஃபும் ஆளுக்கு ஆள் உயரம் மாறுவது இயல்பு என்பதால் இரண்டு மூன்று மில்லிமீட்டரைக் கண்டுகொள்ளாதீர்கள். தலையும் கையும் மற்றதைவிட வெளிப்படையாகப் பெரிதாக இருந்தால்தான் கண்ணை உறுத்தும். வாங்கிய மினியில் அதற்கு வைத்தியம் கிடையாது.

பிரிண்ட் எடுக்கப்போகிறீர்கள் என்றால் எளிது. 32க்குச் செய்த கோப்பை 28க்குக் கொண்டுவர 87.5 சதவீதம் என்று கொடுங்கள். ஆயுதமும் அதே அளவு மெலியும். கோல், ஈட்டி எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்ட வரைபடத்தின் கட்டத்துக்குள் மினி அடங்கவில்லை என்பது வேறு குறை. ஒரு அங்குலக் கட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் பேஸ். 32 மில்லிமீட்டர் பேஸில் வந்த மினி பக்கத்துக் கட்டத்தில் காலை நீட்டும். பேஸை மாற்றுங்கள்.

## அறிகுறி: கத்தி வளைந்திருக்கிறது, அல்லது மினி குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிறது

பிவிசி என்றால்: அதிகம் வருவது இதுதான், காசே செலவில்லாமல் தீர்வதும் இதுதான். ஒரு டம்ளரில் கொதித்து இறக்கிய தண்ணீர், பக்கத்தில் ஐஸ் போட்ட தண்ணீர். மினியை இடுக்கியில் பிடித்து வளைந்த பகுதியைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்குங்கள். வெளியே எடுத்ததும் கத்தி தானாகவே கொஞ்சம் நிமிர்வதைப் பார்ப்பீர்கள். அச்சில் வார்த்த வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. மிச்சத்தை விரலால் நேராக்கி, விரலை எடுக்காமலே ஐஸ் தண்ணீரில் முக்கி, பத்து இருபது நொடி பிடித்திருங்கள். கணுக்கால் வளைந்து சாய்ந்த மினிக்கும் இதேதான். பெயின்ட் அடிக்கும் முன் செய்வது நல்லது. அடித்த பிறகு செய்தால் வளையும் இடத்தில் பெயின்ட் வெடிக்கலாம்.

சில நாளில் மறுபடி வளைகிறதா? எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். வெயிலில் நிற்கும் கார், பைக் பெட்டி, ஜன்னலோர அலமாரி எல்லாமே மெதுவான சுடுதண்ணீர்தான். இடத்தை மாற்றியும் வளைந்தால் கத்தியை வெட்டிவிட்டுக் கம்பி வைப்பது ஒன்றே வழி. அது கீழே வருகிறது.

உலோகம் என்றால்: விரலால், மெதுவாக, ஒரே தடவையில். முன்னும் பின்னும் ஆட்டினால் அந்த இடத்தில் முறியும். இடுக்கி போட்டால் பல் பதியும், துணி சுற்றிப் பிடியுங்கள்.

ரெசின் என்றால்: சூடான தண்ணீரில் முக்கினால் மெல்லிய பகுதி கொஞ்சம் இளகும். முக்காமல் வளைக்கவே கூடாது. கெட்டிப்பட்டுப் பழகிய சில ரெசின்கள் சுடுதண்ணீரிலும் அசையாது; அடம் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஒட்டிய கை விழுந்துகொண்டே இருக்கிறது

இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு. அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் மினியின் மேல் மிச்சமிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர்; தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். பழைய பசையின் காய்ந்த படலம் இருந்தால் சுரண்டி எடுங்கள். அதன்மேல் ஒட்டியது நிற்காது.

அடுத்து பசையே தவறா என்று பாருங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் என்று விற்கும் பசை பாலிஸ்டைரினை உருக்கி ஒன்றாக்கும். பிவிசி, ரெசின், உலோகம் மூன்றிலும் பிடிக்காது. அவற்றுக்கு ஃபெவிக்விக் ரக சூப்பர் குளூதான். அதையும் ஊசி முனையில் தொட்டு வையுங்கள். வழிய வழிய விட்டால் பலம் கூடாது, காய நேரமாகும், சுற்றி வெள்ளைப் படலம் படியும்.

ஏற்கெனவே கோணலாக ஒட்டிவிட்டது, பிரிக்கவேண்டும் என்றால் மினியை ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். சூப்பர் குளூ குளிரில் நொறுங்கும் தன்மை அடையும். லேசாகத் திருகினால் விட்டுவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் உலோகத்தைத் தவிர மற்றவற்றைத் தின்றுவிடும்.

இதெல்லாம் செய்தும் விழுகிறது என்றால் ஒட்டுகிற பரப்பு சிறியது, தொங்குகிற எடை பெரியது. உலோக இறக்கை, பெரிய கேடயம் ஏந்திய கை எல்லாம் இந்த ரகம். கம்பி வைத்துவிடுங்கள். விரலால் சுழற்றும் கைத்துளைப்பானில் ஒரு மில்லிமீட்டர் ஊசி போட்டுத் தோளில் ஒரு துளை. துளையின் விளிம்பில் பெயின்ட் துளி வைத்து, கையைச் சரியான நிலையில் ஒரு தரம் அழுத்தி எடுங்கள். கையில் பெயின்ட் பதிந்த புள்ளிதான் அடுத்த துளைக்கு இடம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி வெட்டி, இரண்டு பக்கமும் பசை வைத்து இறக்குங்கள். இப்படிக் கம்பி வைத்த கை மறுபடி என்னிடம் வந்ததில்லை.

## அறிகுறி: மினி சரி, கையில் இருக்கும் ஆயுதம் தவறு

சுலபமான வழி, வெட்டாமல் தப்பிப்பது. வாளைக் கோலாகக் காட்டமுடியாது, ஆனால் நீண்ட வாளை நுனியில் வெட்டிக் குறுவாள் ஆக்கலாம், இரட்டைக் கோடரியில் ஒரு பக்கம் சீவிவிடலாம்.

ஈட்டி, கோல், வேல் வேண்டுமென்றால் முஷ்டியை விட்டுவைத்து, அதற்கு மேலும் கீழும் இருக்கும் ஆயுதத்தை மட்டும் வெட்டுங்கள். முஷ்டியின் நடுவே மேலிருந்து கீழாகத் துளையிட்டு ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். மந்திரவாதியின் கோலுக்குத் தென்னை விளக்குமாற்று ஈர்க்குக் குச்சி எந்தக் கடையில் வாங்கும் கம்பியைவிடவும் அழகாக அமையும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும், மரத்தின் வரி இயற்கையாகவே இருக்கும். செருகும் முன் மேலே சூப்பர் குளூவை மெல்லத் தடவிக் காயவிட்டால் இறுகிவிடும். பாலிஸ்டைரின் மினி கையில் துளையிடும்போது அவசரம் வேண்டாம். ஊசி சூடானால் பிளாஸ்டிக் இளகி ஓட்டை அகலும்.

முடி, தாடி, மேலங்கி சேர்க்கப் புட்டி வேண்டும். கிரீன் ஸ்டஃப் என்னும் நீலமும் மஞ்சளும் சேர்ந்த பட்டையைச் சம அளவில் பிசைந்தால் பச்சையாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் செதுக்கலாம், முழுதாக இறுக ஒரு நாள் ஆகும்.

புட்டிக்குள் கட்டி கட்டியாக இருக்கிறதா? நீலமும் மஞ்சளும் தொடுகிற நடுக்கோடு பாக்கெட்டிலேயே இறுகியிருக்கும். அந்தக் கோட்டைக் கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பிசையுங்கள்.

கருவியில் ஒட்டுகிறதா? கருவியைத் தண்ணீரில் நனையுங்கள், அல்லது பொட்டளவு வாசலின். வாசலின் போட்டால் பெயின்டுக்கு முன் சோப்பில் கழுவவேண்டும்.

இறுகவே இல்லையா? இரண்டு நிறமும் சமமாக இல்லை, அல்லது கோடு கோடாகத் தெரிகிற அளவுக்குத்தான் பிசைந்திருக்கிறீர்கள். சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், காத்திருந்து பயனில்லை.

கிரீன் ஸ்டஃப் கிடைக்கவில்லை என்றால் எம்-சீல் பேஸில் பாறை, தரை செய்வதற்குப் போதும். சீக்கிரம் இறுகிவிடுவதால் முடி இழை செதுக்க நேரம் தராது.

## அறிகுறி: பெயின்ட் பிடிக்கவில்லை, பிசுபிசுக்கிறது, சொரசொரக்கிறது

பெயின்ட் முத்து முத்தாக விலகி நிற்கிறது: எண்ணெய்ப் பிசுக்கு. மேலே சொன்ன சோப்புக் குளியல். கழுவிய பிறகும் பெயின்டில் தண்ணீர் அதிகம் கலந்தால் பிவிசியில் இப்படி ஆகும். முதல் பூச்சை மட்டும் தண்ணீர் கலக்காமல் பூசுங்கள். விஸ்கிட்ஸின் நோல்சர் வரிசை போலப் பிரைமர் அடித்தே வரும் மினிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஸ்பிரே பிரைமர் அடித்து நாளாகியும் பிசுபிசுக்கிறது: அந்த மினி பிவிசிதான். ஸ்பிரேயின் கரைப்பானும் பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த பொருளும் ஒத்துப்போகாதபோது இப்படி ஆகும், எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் காயாது. மேலே தூரிகையால் அக்ரிலிக் பிரைமர் ஒரு பூச்சு பூசிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே மூடிவிடும். மூடவில்லை என்றால் முழுதாகக் கழற்றவேண்டும். அடுத்த பிவிசி மினிக்கு ஸ்பிரேயே வேண்டாம், தூரிகைப் பிரைமர் போதும்.

உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது: டின்னைப் போதுமான அளவு குலுக்கவில்லை, தூரத்திலிருந்து அடித்தீர்கள், அல்லது காற்றில் ஈரம் அதிகம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மூன்றாவதுதான் பெரும்பாலும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஸ்பிரே டின்னைத் தொடவே வேண்டாம். மற்ற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று திரும்பும் முன், நிழலில் நின்று அடியுங்கள். கொளுத்தும் வெயிலில் அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும், அதுவும் சொரசொரப்புதான். மினிக்கு அடிக்கும் முன் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் மேல் அடித்துப் பாருங்கள். ஸ்பூன் வழவழப்பாக இருந்தால் மினியை எடுக்கலாம்.

வேலை எல்லாம் முடித்து மேட் வார்னிஷ் அடித்தால் வெள்ளை மூட்டம் படிகிறது: பதறாதீர்கள், பெயின்ட் கெடவில்லை. ஈரக் காற்றில் அடித்ததால் வந்தது. தூரிகையால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு பூசினால் பெரும்பாலும் நிறம் திரும்பும். அது காய்ந்த பிறகு, உலர்ந்த நாளாகப் பார்த்துத் தூரிகையாலேயே மேட் வார்னிஷ் பூசுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்க: உலோகத்துக்கும் பாலிஸ்டைரினுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். ரெசினை அதில் நெடுநேரம் விடக்கூடாது. டெட்டாலும் பெயின்டைக் கழற்றும். ஆனால் டெட்டாலில் ஊறியதை நேரே தண்ணீரில் காட்டினால் கழன்ற பெயின்ட் பிசினாகி அப்பிக்கொள்ளும். தேய்ப்பதையும் அலசுவதையும் டெட்டாலிலேயே முடித்துவிட்டுக் கடைசியில் சோப்புத் தண்ணீர்.

## அறிகுறி: பிரிண்ட் எடுத்த மினி ஒட்டுகிறது, அல்லது வெடித்து ஒழுகுகிறது

மேற்பரப்பு ஒட்டினால் முதலில் கையுறை. காயாத ரெசின் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும், வந்த பிறகு போகாது. மினியை ஆல்கஹாலில் மறுபடி அலசி, நன்றாகக் காயவிட்டு, வெயிலில் திருப்பித் திருப்பி வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தனி விளக்கு தேவைப்படாது. அலசிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வெயிலில் வைத்து, ரெசின் இறுகிய பிறகு வடிகட்டுங்கள்.

வாங்கிச் சில வாரம் கழித்து வெடித்து உள்ளிருந்து ஒழுகினால், உள்ளே குடைந்து பிரிண்ட் செய்து ரெசினை வடிக்காமல் விட்டிருக்கிறார்கள். இதை வீட்டில் சரிசெய்ய முயலாதீர்கள். எடுத்துக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து, வடிதுளை வைத்தோ குடையாமலோ மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேரக்டர் மினி அளவுக்குக் குடையவேண்டிய தேவையே இல்லை.

## எப்போது பெயின்டரிடம் கொடுப்பது?

ஆட்டத்துக்கான மினிக்கு உங்கள் கைப் பெயின்டே போதும். மூன்று நிறமும், பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த கருநிறப் பெயின்டான வாஷ் ஒரு பூச்சும் மேசைக்கு நிறைவாக இருக்கும். முகத்தில் உணர்ச்சி தெரியவேண்டும், கதை முடிந்த பிறகு அலமாரியில் வைக்கவேண்டும், நண்பருக்குப் பரிசாகத் தரவேண்டும் என்றால் வெளியே கொடுங்கள். கொடுக்கும் முன் ஒட்டும் வேலை, கம்பி வைக்கும் வேலை, புட்டி வேலை எல்லாம் முடித்துவிடுங்கள், அல்லது அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பாதி விலைத் தகராறு இங்கேதான் கிளம்புகிறது. கேரக்டரின் முன்பக்கம், பின்பக்கம் எந்த நிறம் என்று எழுதிக் கொடுங்கள். மேலங்கியின் உட்புறத்தை எல்லோரும் மறக்கிறார்கள். அவர் பூசிய வேறொரு மினியைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கூரியரில் அனுப்பினால் பஞ்சு சுற்றாதீர்கள், இழை ஆயுத முனையில் சிக்கி இழுக்கும். பேஸின் அடியில் இரட்டைப் பக்க டேப் போட்டு டப்பாவின் அடியில் ஒட்டுங்கள். மினி எந்தப் பக்கச் சுவரையும் மூடியையும் தொடக்கூடாது. அந்த டப்பாவைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் கசக்கிய செய்தித்தாளை அடைத்து அனுப்புங்கள்.